பன்னிரண்டு விநாடிச் சிரிப்பு

வியாழக்கிழமைக்குள் கரடி சிரித்தாக வேண்டும். அன்று திங்கள். கரடிக்குக் குரல் கொடுத்தவர் இறந்து பதினாறு நாள் ஆகியிருந்தது.

"செத்தவரைச் சிரிக்க வைக்க முடியாது சார்," என்றாள் கத்தரி.

"உயிரோட இருந்தப்பவே முடியல. அதனால அதை ஒரு காரணமா சொல்லாதே," என்றார் தயாரிப்பாளர்.

கத்தரி என்பது அவள் பெயர் அல்ல. ஒலிப்பதிவுக் கூடத்தில் குரல்களைத் தொகுப்பவள் அவள். பதிவான குரலிலிருந்து இருமல், எச்சில் சத்தம், மூச்சு எல்லாவற்றையும் வெட்டி எறிவது வேலை. சேர்ந்த முதல் வாரத்தில் யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது சம்பளப் பட்டியலில் மட்டும்தான் அவளுக்கு நிஜப் பெயர்.

"எட்டு வருஷப் பதிவுல அவர் சிரிச்ச சத்தம் ஒண்ணுகூடவா இல்ல?"

"கரடி சிரிக்கக் கூடாதுங்கிறது நீங்க எழுதின விதி சார். முதல் பக்கத்துலயே இருக்கு. அடிக்கோடு வேற போட்டிருக்கீங்க."

"கரடி சிரிக்கக் கூடாது. அந்த மனுஷன் சிரிச்சிருக்கலாமே. நடுவுல டீ குடிக்கறப்போ, எவனாவது வழுக்கி விழறப்போ..."

"அவர் டீ குடிக்க மாட்டார் சார். யாராவது விழுந்தா தூக்கி விடுவார்."

தயாரிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

தொடர் மிகச் சின்ன விஷயம்தான். ஒரு குகை. அதன் சொந்தக்காரர் கரடி. குடியிருப்பவை ஒரு வாத்து, ஒரு அணில், ஒரு ஆமை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவை கரடியைச் சிரிக்க வைக்க ஏதாவது செய்யும். ஏதாவது உடையும், எரியும், யாருக்காவது அடிபடும். கடைசியில் கரடி "ம்ஹ்ம்" என்று மூக்கால் ஒரு சத்தம் விடும். கதை முடிந்தது. எட்டு வருடமாக இதற்கே குழந்தைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள்.

இப்போது அந்தத் தொடருக்கு ஒரு பாட்டுத் தொகுப்பு. பத்துப் பாட்டு. வாத்தின் ஜலதோஷப் பாட்டு, ஆமையின் அவசரப் பாட்டு என்று ஒன்பது முடிந்தாயிற்று. பத்தாவது பாட்டுக்காகத்தான் தொகுப்பே.

வாத்து வழுக்கி விழுந்தாச்சு,
அணிலு வாலைத் தொலைச்சாச்சு,
குகையும் மழையில ஒழுகியாச்சு,
கரடி சிரிச்சாச்சு!

பிறகு பன்னிரண்டு விநாடி கரடி சிரிக்க வேண்டும். எட்டு வருடமாகக் குழந்தைகள் காத்திருந்த சிரிப்பு. பாட்டு முழுவதையும் பாடிக் கொடுத்துவிட்டு, "சிரிப்பை அடுத்த வாரம் பாத்துக்கலாம்மா," என்று சொன்னார் கரடியார். எல்லோரும் அவரை அப்படித்தான் அழைத்தார்கள். அடுத்த வாரம் அவர் வரவில்லை. மருத்துவமனைக்குப் போய்விட்டார். அதற்கடுத்த வாரம் அங்கேயும் இல்லை.

சேனல் சொல்லிவிட்டது. சிரிப்பு இருந்தால் தொகுப்பு வரும், தொடர் இன்னும் இரண்டு வருடம் ஓடும். இல்லையென்றால் இரண்டும் இல்லை. படம் வரைபவர்கள் ஆறு பேர், குரல்காரர்கள் மூன்று பேர், பாட்டுக்காரர், கத்தரி. மொத்தம் பதினோரு பேர் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

"ஒரு வழி இருக்கு சார். அந்த 'ம்ஹ்ம்' நிறைய இருக்கு," என்றாள் கத்தரி.

நானூற்றுப் பதினாறு 'ம்ஹ்ம்' இருந்தன. அதில் நல்லதாக இருபதைப் பொறுக்கி, ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டி, கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை காலை அது தயாரானது. கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் அண்ணன் வாளியோடு உள்ளே வந்தார். பேச்சுக் குறைந்த மனிதர். கேட்டால் உண்மையைச் சொல்வார் என்பதால், எதையும் முதலில் அவருக்குப் போட்டுக் காட்டுவது கத்தரியின் வழக்கம்.

"அண்ணே, இதைக் கேளுங்க. சிரிப்பு மாதிரி இருக்கா?"

அவர் துடைப்பத்தின் மேல் இரு கையையும் ஊன்றிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"மோட்டார்ல காத்துப் புடிச்ச மாதிரி இருக்கு மேடம்."

தயாரிப்பாளர் கேட்டுவிட்டு அதைக்கூடச் சொல்லவில்லை. எழுந்து போய் ஃபோனை எடுத்தார். அரை மணி நேரத்தில் ஒரு பல்குரல்காரர் வந்து இறங்கினார். சட்டைப் பையில் மூன்று பேனா, வாயில் முப்பது பேர் குரல்.

"எந்த மாதிரி கரடி சார் வேணும்? தூங்கி எழுந்த கரடியா, தேன் குடிச்ச கரடியா?"

"செத்துப் போன கரடி," என்றார் தயாரிப்பாளர். "அவர் குரல்ல."

"ஆஹா, அவரா? அவரு நமக்கு மானசீக குரு சார்."

"அவரைப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள் கத்தரி.

"குருவை எதுக்கும்மா பாக்கணும்? காதால கேட்டாப் போதும்."

பல்குரல்காரர் பன்னிரண்டு விநாடி சிரித்தார். அருமையாகச் சிரித்தார். கத்தரிக்கே ஒரு கணம் கரடியார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது போலத் தோன்றியது. அப்பாடா என்று அவள் நாற்காலியில் சாய்ந்தபோது மணி மூன்று. நாலு மணிக்குத் தயாரிப்பாளர் முகம் வெளுத்துப்போய் வந்தார்.

"சேனலுக்கு அனுப்பினேன். அங்க முடிவு பண்ற அம்மா கேட்டுட்டு அழுதுட்டாங்க."

"நல்லதுதானே சார்?"

"இது அவர் குரல்தானேன்னு கேட்டாங்க. நான் ஆமான்னுட்டேன்."

"ஏன் சார்?"

"அழற பொம்பளைகிட்ட இல்லைன்னு எப்படிச் சொல்றது? அவங்க உடனே விளம்பரம் அடிக்கக் குடுத்துட்டாங்க. 'மறைந்த கலைஞரின் கடைசிச் சிரிப்பு, அசல் குரலில்.' ஊரெல்லாம் ஒட்டப் போறாங்க. இப்ப அவங்க வக்கீலு, இது அசல் குரல்னு அவர் சம்சாரம் கையெழுத்துப் போட்ட கடிதம் ஒண்ணு வேணுங்கிறான். அதுவும் வியாழக்கிழமைக்குள்ள."

"யார் போய் வாங்குறது?"

தயாரிப்பாளர் அவளையே பார்த்தார்.

"நான் ஆம்பளை. துக்க வீட்டுல எனக்குப் பேச வராது. நீதான் அடக்கமான பொண்ணு."

வெட்கப்படுகிறவர்கள் தலையில் உலகம் எப்போதும் இப்படித்தான் சுமையை ஏற்றுகிறது. அவர்களுக்கு மறுத்துப் பேச வாய் வராது என்பது எல்லோருக்கும் தெரியும்.

*

புதன்கிழமை காலை கத்தரி கரடியார் வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடி. கதவுக்கு வெளியே அவருடைய செருப்பு இன்னும் இருந்தது. ஜோடி பிசகாமல், சுவரை ஒட்டி.

அவர் மனைவி அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கத்தரி அவரை "அக்கா" என்றாள். அவர் ஒன்றும் சொல்லாததால் அப்படியே வைத்துக்கொண்டாள். கைபேசியில் சிரிப்பைப் போட்டாள். இரண்டாவது விநாடியிலேயே அந்த அம்மாள் கை நீட்டித் தடுத்தார்.

"இது அவர் இல்ல."

"அக்கா, முழுசா..."

"யாரோ நல்லாத்தான் சிரிக்கிறான். ஆனா வாயால மூச்சு விடறான். எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு மூக்குலதான். முப்பத்தோரு வருஷம் பக்கத்துல படுத்தவளுக்கு மூச்சு தெரியாதா?"

கத்தரிக்குக் காது சூடாகிவிட்டது. பொய் சொல்ல அவளுக்கு வராது. வருகிறவர்களுக்காக வேலை செய்யத்தான் வரும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை, பதினோரு பேர், மோட்டாரில் காற்று, பேனாக்காரர் எல்லாம்.

"வீட்ல எடுத்த வீடியோ எதாவது இருக்கா அக்கா? அவர் சிரிக்கிற மாதிரி?"

அந்த அம்மாள் கைபேசியைக் கொடுத்தார். கத்தரி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். கல்யாண வீட்டில் கரடியார், பிறந்தநாள் வீட்டில் கரடியார், கடற்கரையில் கரடியார். எல்லாவற்றிலும் அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க நிற்பவர் போல நின்றார்.

"சிரிச்சதே இல்லையா அக்கா?"

"சிரிச்சதில்ல, அழுததில்ல, கத்தினதில்ல. நல்ல மனுஷன். குறையே சொல்ல முடியாது. ஆனா சுவத்துகிட்ட பேசினா திரும்ப எதிரொலியாவது வரும்." அந்த அம்மாள் டம்ளரை எடுத்துத் துடைத்து வைத்தார். "டாக்டர் நாள் குறிச்சுக் குடுத்ததை எங்கிட்ட எப்படிச் சொன்னார் தெரியுமா? 'பஸ்ஸு அஞ்சரைக்கு' அப்படிங்கிற மாதிரி. சொல்லிட்டு லைட்டை அணைச்சுட்டுத் தூங்கிட்டார். நான் விடிய விடிய உக்காந்திருந்தேன். இவ்வளவு நாள் கூட வாழ்ந்தவளை விட்டுட்டுப் போறமேன்னு ஒரு வார்த்தை இல்ல. அதை நினைச்சாதான் எனக்கு இன்னும் ஆறல."

கத்தரி எழுந்தாள். வாசல் வரை வந்த அந்த அம்மாள் சட்டென்று அவள் கையைப் பிடித்தார்.

"நிஜமாவே எங்கயாவது அவர் சிரிப்பு கிடைச்சா எடுத்துட்டு வாம்மா. கையெழுத்துக்காகச் சொல்லல. எனக்கே கேக்கணும் போல இருக்கு."

*

கத்தரிக்கு ஒரு யோசனை தோன்றியது. சிரிப்பு பல்குரல்காரருடையதாகவே இருக்கட்டும். நடுவில் கரடியாரின் மூக்கு மூச்சை மட்டும் வைத்துத் தைத்துவிட்டால்?

கூடத்துக்கு வந்து பழைய பதிவுகளைத் திறந்தாள். ஒரு மூச்சு கிடைக்கவில்லை. எட்டு வருடத்தில் ஒன்றுகூட இல்லை. எப்படி இருக்கும்? அவள்தான் வெட்டியிருந்தாளே.

அதற்கென்று அவளே அமைத்துக்கொண்ட ஒரு கணினிக் கருவி இருந்தது. மூச்சுவெட்டி என்று பெயர் வைத்திருந்தாள். எந்தப் பதிவைக் கொடுத்தாலும், ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருக்கும் சத்தத்தையெல்லாம் நறுக்கிவிட்டு, மிச்சத்தைத் தையல் தெரியாமல் ஒட்டித் தந்துவிடும். மூச்சும் போகும், மௌனமும் போகும். பேச்சு மட்டும் நிற்கும். இடத்தை அடைக்காமல் இருக்க, மூலப் பதிவின் மேலேயே சேமித்தும் விடும். அதை வைத்துத்தான் மூன்று பேர் வேலையை அவள் ஒருத்தியே பார்த்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

முப்பத்தோரு வருடம் ஒருத்தி பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சை, எட்டு வருடம் கத்தரி சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தாள்.

கடைசி நம்பிக்கையாக அவருடைய கடைசிப் பதிவைத் திறந்தாள். போன மாதம் ஒன்பதாம் தேதி, செவ்வாய். அன்று பதிவு முடிகிற நேரத்தில் அம்மா ஃபோன் செய்திருந்தாள். வீட்டில் குழாய் உடைந்து வாசல் வரை தண்ணீர். கத்தரி பதிவை நிறுத்தக்கூட இல்லை, ஓடிவிட்டாள். மறுநாள் காலை வந்து பார்த்தால் அது பாட்டுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடியிருந்தது. மூச்சுவெட்டியில் போட்டாள். முப்பத்தெட்டு நிமிடமாகச் சுருங்கியது. வேண்டிய பாட்டை எடுத்துக்கொண்டு மூடிவிட்டாள்.

இப்போது அதைக் கடைசி வரை கேட்டாள். பாட்டு முடிந்தது. "போதும்மா. நான் வரேன்," என்றது கரடியார் குரல்.

உடனே, ஒட்டினாற்போல, அழுகை.

ஆண் அழுகை. அடிவயிற்றிலிருந்து, விட்டு விட்டு, வார்த்தையே இல்லாமல். நாற்பது விநாடி.

கத்தரி ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டாள். தேதியைப் பார்த்தாள். டாக்டர் சொன்ன நாளாகத்தான் இருக்க வேண்டும். அவள் குழாயைப் பார்க்க ஓடிய பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு, அந்த மனிதர் தனியாக உட்கார்ந்து அழுதிருக்கிறார். பக்கத்தில் ஒரு ஆள் இல்லை.

பத்து நிமிடம் அவள் ஒன்றும் செய்யவில்லை. பதினோராவது நிமிடத்தில் வேலை புத்தி விழித்துக்கொண்டது. கல்லூரியில் படித்தது நினைவுக்கு வந்தது. சிரிப்புக்கும் அழுகைக்கும் குலுங்குவது ஒரே உதரவிதானம்தான். அழுகை மெதுவாகக் குலுக்கும், சிரிப்பு வேகமாக. வித்தியாசம் பெரும்பாலும் வேகத்தில்தான்.

பாவம் என்று தெரிந்துதான் செய்தாள். வேகத்தை இரண்டரை மடங்கு கூட்டினாள். குரலின் கனத்தை மட்டும் மாறாமல் பிடித்து நிறுத்தினாள். இழுத்துக்கொண்டிருந்த விம்மல்களின் வாலை நறுக்கினாள்.

கரடி சிரித்தது. பன்னிரண்டு விநாடி, வயிறு குலுங்க.

வாசலில் வாளிச் சத்தம் கேட்டது.

"அண்ணே, இது?"

பெருக்குகிற அண்ணன் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கேட்டார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. கத்தரி அதை அங்கே பார்த்துப் பல நாள் ஆகியிருந்தது.

"இது நல்ல சிரிப்பு மேடம். மனசு விட்டுச் சிரிக்கிறாரு. குடுத்து வச்ச ஆளு."

*

வியாழக்கிழமை காலை கரடியாரின் மனைவி அதை ஏழு முறை கேட்டார். முதல் முறை கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது முறை அவரும் கூடச் சிரித்தார். ஐந்தாவது முறை அழுதார்.

"இதுதான். இப்படித்தான் சிரிச்சிருப்பார். எனக்குத் தெரியும்."

மூச்சைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. கேட்பதற்கு அதில் மூச்சும் இல்லை.

"எப்போம்மா சிரிச்சார்? என்னத்துக்கு?"

"பாட்டு... பாட்டு முடிஞ்சப்போ அக்கா," என்றாள் கத்தரி. அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டார். அழகான, வட்ட வட்டமான எழுத்து.

பழைய பதிவில் அசலே கிடைத்துவிட்டது என்று கத்தரி சொன்னதை நம்பி, முன்பு அனுப்பியது சரிபார்க்காத பதிவு என்று சேனலிடம் சொல்லி, தயாரிப்பாளர் இதை மாற்றி வைத்தார். தொகுப்பு வெளியானது. யாரும் எதிர்பார்க்காத ஓட்டம். ஒன்பது பாட்டை யாரும் சீண்டவில்லை. பத்தாவது பாட்டின் அந்தப் பன்னிரண்டு விநாடிதான் எங்கும். பள்ளிக்கூட வேனில் அழுகை. துணிக்கடையில் அழுகை. பல் மருத்துவர் வீட்டுக் காத்திருப்பு அறையில் அழுகை. பேருந்தில் முன் இருக்கைக்காரரின் சட்டைப் பையில் ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்து விம்மினார். இருக்கைக்காரர் கைபேசியை எடுத்து, "ஹலோ, சொல்லுங்க மச்சான்," என்றார்.

உலகத்தில் கத்தரி ஒருத்திக்கு மட்டும் அது மெதுவாகக் கேட்டது. சாப்பாடு இறங்கவில்லை. "வேலைதான் நிலைச்சிருச்சே, இன்னும் என்னடி மூஞ்சி?" என்றாள் அம்மா.

நிலைத்த வேலைக்கு அந்த வாரமே ஆபத்து வந்தது. பல்குரல்காரர் ரூபத்தில்.

அவருடைய சிரிப்பை எடுத்துவிட்டு வேறு வைத்ததை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் தன் சிரிப்புதான் ஊரெல்லாம் ஓடுகிறது என்று மனமார நம்பினார். முதலில் மாமனாரிடம் சொன்னார். பிறகு தெருவில். பிறகு ஒரு பத்திரிகையில். 'அந்தச் சிரிப்பு என்னுடையது!' என்று மூன்று பேனாவோடு படம் வந்தது.

தயாரிப்பாளர் அவரைக் கூப்பிட்டுக் கெஞ்சினார்.

"ஐயா, அது நீங்க இல்ல."

"என் சிரிப்பு எனக்குத் தெரியாதா சார்? கேக்கும்போதே இங்க வலிக்குது," என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார் பல்குரல்காரர்.

சேனல் அம்மாள் ஒரே வரியில் கேட்டார். அசல் பதிவைக் காட்டுங்கள், இல்லையென்றால் தொடரை மறந்துவிடுங்கள்.

"குடுத்துட வேண்டியதுதானே?" என்றார் தயாரிப்பாளர். "எதுக்கு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிற? அசல்தானே?"

கத்தரி அவருக்கு அசலைப் போட்டுக் காட்டினாள். வேகம் கூட்டாமல்.

தயாரிப்பாளர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். எட்டு வருடம் தமாஷ் எழுதியே கண்ணாடி தடித்த மனிதர். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இதையா என் பேரன் காலையில இருந்து பாடிக்கிட்டிருக்கான்?"

"ஆமா சார்."

"இதை வேற யாருக்கும் போடாதே. முதல்ல அவர் வீட்டம்மாகிட்ட சொல்லு."

"நானா சார்?"

"நான் ஆம்பளை..."

"தெரியும் சார்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

*

கரடியாரின் மனைவி அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். தினம் காலையில் எழுந்ததும் ஒரு தடவை அந்தச் சிரிப்பைக் கேட்பதாகச் சொன்னார். கத்தரி உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"அக்கா, அது சிரிப்பு இல்ல. அழுகை. நான்தான் வேகமா ஓட்டி மாத்தினேன்."

அந்த அம்மாள் கைபேசியைக் கீழே வைத்தார்.

"அழுகையா? யாரு, அவரா?"

"போன மாசம் ஒன்பதாம் தேதி. பதிவு முடிஞ்சு, 'நான் வரேன்'னு சொல்லிட்டு... நான் போனப்புறம்..."

"ஒன்பதாம் தேதி." அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்குத்தான் ரிப்போர்ட் வாங்கினார். அன்னிக்கு வந்துதான் லைட்டை அணைச்சுட்டுத் தூங்கினார்."

கத்தரி அடியை எதிர்பார்த்தாள். ஒரு அறை, குறைந்தபட்சம் ஒரு சாபம். தனக்கு அது தகும் என்றும் நினைத்தாள்.

"போடு," என்றார் அந்த அம்மாள்.

நாற்பது விநாடி. ஒரே ஒரு முறைதான் கேட்டார். முடிந்ததும் கீழே உட்கார்ந்து, கத்தரியையும் இழுத்து உட்கார வைத்து, அவள் தலையைத் தடவினார்.

"எங்கிட்ட காட்டக் கூடாதுன்னு அங்க வச்சு அழுதுட்டு வந்திருக்கார். நான் ஒருத்தி, கல்லுன்னு நினைச்சு அந்த மனுஷனைத் திட்டிக்கிட்டிருந்தேன். கடைசி நாள் ஆஸ்பத்திரியில கூட முகம் குடுத்துப் பேசல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "முப்பத்தோரு வருஷத்துல எனக்கு இதை விடப் பெருசா யாரும் ஒண்ணும் குடுத்ததில்லம்மா. சிரிப்பு யாருக்கு வேணும்? எனக்காக அழுதிருக்கார்."

"என்னை மன்னிச்சிருங்க அக்கா."

"உன்னை எதுக்கு? ஒண்ணு மட்டும் செய். அவருக்கு ஏதோ கூட்டம் போடப் போறதா உங்க முதலாளி சொன்னார் இல்ல? அங்க இதைப் போடு. உங்க ஆளுங்க எல்லாரும் அவரைச் சிரிக்காத கரடின்னுதானே சொன்னீங்க? அவருக்கும் நெஞ்சு இருந்துச்சுன்னு கேட்டுட்டுப் போகட்டும்."

*

நினைவுக் கூட்டம் பெரிய ஒலிப்பதிவு அறையில் நடந்தது. நாற்பது நாற்காலி. பெருக்குகிற அண்ணன் முந்தின நாளே வரிசை போட்டுவிட்டார். சேனல் அம்மாள் வந்தார். அவருடைய வக்கீல் வந்தார். பல்குரல்காரர் யாரும் அழைக்காமல் வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார். கரடியாரின் மனைவி முன் வரிசையில், மடியில் கை கோத்தபடி.

தயாரிப்பாளர் நான்கு வார்த்தை பேசினார். கத்தரி எழுந்து, "அந்தச் சிரிப்போட அசல் இதுதான். நான்தான் வேகமா ஓட்டி மாத்தினேன்," என்று சொல்லிவிட்டு, ஒலிபெருக்கியைத் திருகி, பதிவை ஓட விட்டாள்.

"போதும்மா. நான் வரேன்," என்றார் கரடியார். பிறகு அழுகை அந்த அறை முழுக்க நிறைந்தது.

வாத்துக்குக் குரல் கொடுக்கும் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். பல்குரல்காரர் மெதுவாக எழுந்து நின்று, கை கூப்பி, "இது நான் இல்ல," என்று யாரிடமோ சொன்னார். சேனல் அம்மாள் கூட்டம் முடிந்ததும் கத்தரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தொடர் தொடரும், தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். கரடியாரின் மனைவி கடைசியாகக் கிளம்பினார். அவர் நடந்த விதத்தில் ஒரு சுமை குறைந்திருந்தது.

கத்தரி வெறும் நாற்காலிகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது. உண்மையைச் சொல்லியாயிற்று. உண்மை யாரையும் கொல்லவில்லை. பதினோரு பேருக்கு வேலை இருக்கிறது. ஒரு விதவைக்கு அவள் புருஷன் திரும்பக் கிடைத்திருக்கிறார்.

பெருக்குகிற அண்ணன் கதவருகே நின்றார். நாற்காலிகளை மடக்க வந்தவர், மடக்கவில்லை. கையில் துடைப்பமும் இல்லை.

"என்னண்ணே? நீங்களும் கேட்டீங்களா?"

அவர் தலையாட்டினார். பிறகு, தப்பு செய்துவிட்டு மன்னிப்புக் கேட்பவர் போல, மெல்லிய குரலில் கேட்டார்.

"மேடம், என் சம்சாரம் செத்த வாரம், வீட்ல புள்ளைங்க பயந்துருமேன்னு, சத்தம் வெளிய போகாதுங்கிற தைரியத்துலதான் எல்லாரும் போனப்புறம் அந்த ரூமுக்குள்ள போய் உக்காந்து அழுதேன், அது எப்படி மேடம் வெளிய வந்துச்சு?"